பாழ் என்பது எவர் வாக்கு? – ஒரு பாலைப் புதரை முன்வைத்து

சென்ற ஆண்டு எமது பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற விவாத அரங்கொன்றில் பேச்சாளர் ஒருவர், இன்றைய தமிழிலக்கியம் புல்பூண்டும் முளையாத பாலைவனமாகிவிட்டது என்று முழங்கினார். மண்டபம் கரகோஷத்தால் அதிர்ந்தது. அப்பேச்சாளன் இக்கட்டுரையை எழுதுபவனே. அன்றிரவு விடுதிக்குத் திரும்பும் வழியில், விஞ்ஞான பீடத்தில் தாவரவியல் பயிலும் நண்பன் ஒருவன் ஒரேயொரு வினாவை எழுப்பினான். "மச்சான், நீ சொன்ன புல்பூண்டில்லாத பாலைவனம் உலகத்தில எங்கை கிடக்கு?" என்னிடம் விடை இருக்கவில்லை. மறுநாள் அவன் தன் பாடநூலொன்றை விரித்து, மஞ்சட் பூக்கள் நிறைந்த ஒரு புதரின் படத்தைக் காட்டிவிட்டுப் போனான். அப்புதரைப் பற்றி அதன்பின் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை. என் பேச்சை நானே மறுப்பதற்கும், அப்பேச்சுக்குக் கைதட்டியோரை மறுப்பதற்கும் இதனை எழுதுகின்றேன்.

வெறுமைக்குப் பாலைவனத்தை உவமையாக்குவது எம்மிடையே ஆழ வேரூன்றிவிட்ட வழக்கம். கவியரங்கிலும் தலையங்கத்திலும் இரங்கலுரையிலும் காதற் கடிதத்திலும் அவ்வுவமை தவறாது வந்து நிற்கும். அன்பில்லாத நெஞ்சு பாலைவனம். நூலகமில்லாத ஊர் பாலைவனம். தலைவனை இழந்த இயக்கம் பாலைவனம். இவ்வுவமை பொய்யானது என்பது என் முதல் வாதம். அது தீங்கு விளைப்பது என்பது இரண்டாவது.

பொய் எங்கே தொடங்கியது என்பதை முதலில் நோக்குவோம். சகாராவையோ அராபியாவையோ ஒத்த வறள்நிலம் பழந்தமிழர் வாழ்ந்த நிலப்பரப்பில் இருக்கவில்லை. தொல்காப்பியம் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்கிற்கும் நிலம் வகுத்தது. பாலைக்கு நிலம் வகுக்காது, நண்பகலையும் வேனிலையும் பொழுதாக மாத்திரம் தந்தது. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தன்மை கெட்டு அடையும் தோற்றமே பாலை என்பது சிலப்பதிகாரத்தின் விளக்கம். ஆகவே எமது மரபிற் பாலை என்பது பிறிதொரு நிலத்துக்கு நேர்ந்த கேடு. மழை பெய்தால் தீர்ந்துபோகும் நோய். பிற்காலத்தில் வேற்று நாடுகளின் வறள்நிலங்களைப் பற்றி எழுத நேர்ந்தபோது நாம் இச்சொல்லையே எடுத்து அவற்றுக்குச் சூட்டினோம். சொல்லோடு கூடவே 'கெட்டுப்போன நிலம்' என்ற பொருளும் சென்று ஒட்டிக்கொண்டது. என்றுமே முல்லையாக இருந்திராத ஒரு நிலத்தை, முல்லை கெட்டு மிஞ்சிய எச்சமாக நாம் காணத் தலைப்பட்டோம். இத்தனைக்கும் வன்னியிற் பிறந்தவனுக்குப் பாலை என்றால் நினைவுக்கு வருவது, வைரம் பாய்ந்த ஒரு மரமும் அதன் தித்திக்கும் பழமுமே!

இனி அந்தப் புதருக்கு வருவோம். வட அமெரிக்காவின் மொகாவி, சொனோரா, சிவாவா என்னும் மூன்று வெப்பப் பாலைகளிலும், அதாவது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கிலும் மெக்சிக்கோவின் வடபகுதியிலும், கண்ணுக்கெட்டிய தூரம்வரை பரந்து வளர்வது அது. லாரியா ட்ரைடென்ராற்றா என்பது தாவரவியலார் வழங்கும் பெயர். அதன் இலைகளில் மரக்கீலை ஒத்த மணம் வீசுவதால் ஆங்கிலம் பேசுவோர் அதனைக் கிரியோசோற்றுப் புதர் என்றனர். உண்மையிற் கிரியோசோற்று என்னும் கீல் அதிலிருந்து பெறப்படுவதன்று. மெக்சிக்கோவின் ஸ்பானிய மொழியில் அதற்கு 'நாற்றக்காரி' என ஒரு பெயரும், 'ஆளுபவள்' என மற்றொரு பெயரும் உண்டு. ஏச்சும் வணக்கமும் ஒரே செடிக்கு!

அது எமக்கு முற்றிலும் அந்நியமான செடியுமன்று. எமது மணற்றரையில் வெறுங்காலோடு நடப்போரைக் குத்தும் நெருஞ்சியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பூவை நோக்கினால் உறவு விளங்கும். இரண்டிலும் மஞ்சள் நிற இதழ்கள் ஐந்து, கேசரங்கள் பத்து. கிரியோசோற்றுப் புதரின் பூ ஏறக்குறைய 2 சதமமீற்றர் அகலமுடையது. காய் முள்ளற்றது, வெண்ணிற மயிர் போர்த்த சிறு உருண்டை. முற்றியதும் அது ஐந்து கூறுகளாகப் பிரியும். கூறொன்றுக்கு வித்து ஒன்று.

ஆண்டுக்கு 100 மில்லிமீற்றர் அளவே மழை கிடைக்கும் இடங்களிலும் இப்புதர் பசுமை மாறாது நிற்கின்றது. எமது வரண்ட வலயத்தின் பெரும்பகுதி 1000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறுவது. அதனையே நாம் வரண்டது என்கிறோம் என்பதை இங்கு நினைவிற் கொள்ளுதல் நன்று. ஒன்று முதல் மூன்று மீற்றர் வரை உயரும் புதரின் இலைகள் மிகச் சிறியவை. அடியில் ஒட்டிய இரு சிற்றிலைகள் சேர்ந்ததே ஓரிலை. அதன் நீளம் ஒரு சதமமீற்றரை ஒட்டியது. இலையின் மேற்பரப்பிற் பிசின் பூசியதுபோன்ற பளபளப்பு இருக்கும். வெயில் ஏறுமுன் காலைப் பொழுதிலேயே இலைவாய்களைத் திறந்து காபனீரொட்சைட்டை ஏற்றுக்கொண்டு, வெம்மை மிகும்போது அவற்றைச் சுருக்கிக்கொள்ளும். பெரும்பாலான பயிர்கள் மீளாது வாடிவிடும் அளவுக்கு மண்ணில் ஈரம் குறைந்த பின்னரும் அதன் ஒளித்தொகுப்பு நின்றுவிடுவதில்லை. வரட்சி மேலும் நீடித்தால் முதிர்ந்த இலைகளை உதிர்த்து, இளந்தளிர்களை வைத்துக் காக்கும். அதன் வேர்களை, சுண்ணாம்பு இறுகிய கற்படை தடுக்குமிடங்களில் அவை ஆழம் தேடாது பக்கவாட்டில் மூன்று மீற்றருக்கும் அப்பாற் பரவும்.

'சரி, ஒரு செடி பிழைத்திருக்கிறது. அதனாற் பாலை நிறைந்துவிடுமா?' என்று கேட்கப்படலாம். அச்செடியை நாடி வருவோரை எண்ணிப் பார்க்கட்டும். நூற்றுக்கும் மேற்பட்ட தேனீயினங்கள் அதன் பூக்களுக்கு வருகின்றன. அவற்றுள் இருபதுக்கும் மேற்பட்டவை மகரந்தத்துக்கு இச்செடியொன்றையே நம்பியவை. கால்நடைகள் முகர்ந்துவிட்டு விலகும் அவ்விலையை மாத்திரமே உண்டு வாழும் வெட்டுக்கிளியினம் ஒன்றும் உண்டு. அதன் நிறம் இலையின் நிறத்தோடு வேறுபாடு தெரியாது கலந்துவிடும். கொம்புகளில் ஒருவகை அரக்குப் பூச்சி வாழ்கின்றது. அதன் அரக்கைக் கொண்டு அந்நிலத்தின் பழங்குடிகள் கலங்களின் வெடிப்பை அடைத்தனர். இலையைக் காய்ச்சி மருந்தாக்கினர். அவ்விலையிலுள்ள இரசாயனம் ஒன்றை அமெரிக்கக் கைத்தொழிலாளர் பிரித்தெடுத்து, கொழுப்பு ஒட்சியேற்றமடைந்து கெடாதிருக்கும் பொருட்டு உணவிற் சேர்த்தனர். அதன் பாதுகாப்புப் பற்றி ஐயம் எழவே 1968 இல் அது கைவிடப்பட்டது. மூலிகை மாத்திரைகளாக அவ்விலையை விற்கப் புகுந்த பிற்காலத்து வணிகத்தால் ஈரல் பாதிப்புற்றோரும் உளர். எவரும் அறியாத, ஒன்றுமில்லாத நிலத்திலிருந்தா இத்தனையும் வந்தன?

யாவற்றிலும் வியப்பூட்டுவது அதன் ஆயுள். தண்டுகள் முதிர்ந்து நடுவில் மடிய, புற விளிம்பிற் புதுத் தண்டுகள் கிளைக்கும். நூற்றாண்டுகள் செல்லச் செல்ல ஒற்றைப் புதர் வளையமாகிறது. கலிபோர்னியாவின் மொகாவியில், லூசேர்ண் பள்ளத்தாக்கை அண்டிய அத்தகைய வளையமொன்றை பிராங்க் வாசெக் என்னும் தாவரவியலாளர் ஆராய்ந்து, அதன் வயது ஏறத்தாழ 11,700 ஆண்டுகள் என 1980 இல் வெளியிட்டார். நடுவிலிருந்த ஆதித் தண்டு இன்று இல்லை. ஆகையால் வளர்ச்சி வேகத்தைக் கொண்டு கணித்த வயதே இது. கணக்கிற் பாதி பிழையென்று தள்ளினாலும், எந்தப் பிரமிட்டும் எழும்புமுன்னரே அங்கு அது பூத்திருக்கிறது என்பது எஞ்சும். அதைச் சுற்றிய வெளியைத்தான் நாம் ஒன்றுமில்லாத இடம் என்கிறோம்.

இவ்விடத்தில் எனக்கு ஆதரவாக எழுந்து நிற்கக்கூடிய நண்பர் சிலரையும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. 'ஆகா! வறுமையோடு போராடி வெல்லும் வீரச் செடி! இளைஞருக்கு எத்தகைய முன்மாதிரி!' என்று அவர்கள் கவிபாடத் தொடங்குவர். இதுவும் அதே பொய்யின் மறுபக்கமே. கிரியோசோற்றுப் புதர் பாலையோடு போராடவில்லை; பாலை அதன் வீடு. நீர் தேங்கும் களிமண்ணில் அதனைக் கொண்டுபோய் வைத்தால், காற்றின்றி அதன் வேர் மூச்சுமுட்டிச் சாகும். எமது வயற்கரையில் நின்றுகொண்டு, 'பாவம், தண்ணீர் இல்லாமல் எப்படித்தான் பொறுக்கிறதோ' என்று நாம் இரங்குவதற்கும், 'இவ்வளவு சேற்றில் எப்படித்தான் பொறுக்கிறதோ' என்று அச்செடி எமது நெல்லைப் பார்த்து இரங்குவதற்கும் வேறுபாடில்லை. இரங்குதலும் ஒருவகை மேட்டிமையே.

வேறு சிலர் அதனை நஞ்சூட்டி என்பர். புதருக்கும் புதருக்குமிடையே வெற்றுத்தரை தெரிவதால், அது அயற்செடிகளை நஞ்சிட்டுக் கொல்கிறது என்ற கதை நெடுநாள் வழங்கிவந்தது. ஆய்வு கூறுவது அவ்வளவு எளிதானதன்று. கிரியோசோற்றின் வேர்கள் தம்மை அணுகும் வேர்களின் வளர்ச்சியைத் தடுப்பதை 1991 இல் வெளியான பரிசோதனைகள் காட்டியுள்ளன. ஆனால் மொகாவியிலும் சொனோராவிலும் அதன் நாற்றுகள் பெரும்பாலும் எங்கே தலையெடுக்கின்றன? 'அம்புரோசியா' என்னும் வேறொரு சிறு புதரின் நிழலில்! பிறர் மடியில் வளர்ந்து, பின்னர் தன் பங்கு நீருக்கு எல்லை வகுத்துக்கொள்ளும் இவ்வாழ்வை வீரமென்றும் சொல்லவேண்டாம், வஞ்சகமென்றும் சொல்லவேண்டாம். எமது பாத்திரங்களை அதன் தலையில் ஏற்றுமுன் அதனை உள்ளபடி பார்ப்போம் என்பதே என் வேண்டுகோள்.

இதுவரை கூறியது பொய்யைப் பற்றி. தீங்கு யாது?

ஒரு நிலத்தை வெறுமையானது என்று சொல்லிவிட்டால், அடுத்த வாக்கியம் தானாகவே வந்துவிடும்: 'அங்கே எதையும் செய்யலாம்.' 1942 இல் ஜெனரல் பற்றனின் தலைமையில் மொகாவியிலும் சொனோராவின் விளிம்பிலும் அமெரிக்க இராணுவம் தாங்கிப்படைப் பயிற்சிக்களம் அமைத்தது. தாங்கிகள் உழுது சென்ற தடங்கள் சில இன்னமும் அழியவில்லை. 1945 யூலை 16 அன்று, நியூ மெக்சிக்கோவில், சிவாவாப் பாலையின் வடபுறத்தில் உலகின் முதல் அணுகுண்டு வெடித்துப் பார்க்கப்பட்டது. 1951 முதல் 1992 வரை நெவாடாப் பரிசோதனைக் களத்தில் 928 அணுப் பரிசோதனைகள் நடைபெற்றன. அவற்றுள் 100 திறந்த வெளியில், வானம் பார்க்க நிகழ்ந்தவை. முதலாவது பரிசோதனை நிகழ்ந்த சமவெளி கிரியோசோற்றுப் புதர்கள் வளர்ந்த வெளியே.

அது ஆளில்லாத நிலமா? அந்நெவாடா நிலம் மேற்குச் சொசோனி மக்களின் தாயகம். 1863 இல் அமெரிக்க அரசு அவர்களோடு செய்த உடன்படிக்கையில் அடங்கிய நிலம். நியூ மெக்சிக்கோவில் வெடிப்பிடத்தின் அயலில் வாழ்ந்த குடும்பங்களுக்கு முன்னெச்சரிக்கை வழங்கப்படவில்லை. நெவாடாவில் எழுந்த தூசி காற்றோடு சென்று யூற்றா மாநிலத்தின் சிற்றூர்களிற் படிந்தது. இவ்வாறு பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கும் சட்டம் 1990 இல் இயற்றப்பட்டது. முதற் குண்டின் காற்றுவழியில் வாழ்ந்த நியூ மெக்சிக்கோ மக்களோ அச்சட்டத்தினுள் இடம்பெற 2025 வரை, எண்பது ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. ஒன்றுமில்லாத இடத்திற் குண்டு போட்டவர்கள், அங்கே இறந்தவர்களுக்கு எவ்வாறு நட்டஈடு கொடுக்கிறார்கள் என்பதை வெறுமைவாதிகள் விளக்குவார்களாக.

அக்களத்தில் வெடிப்பால் எரிந்து தரைமட்டமான கிரியோசோற்றுப் புதர்கள் பல, ஆண்டுகள் சில சென்றபின் வேரடியிலிருந்து மீண்டும் துளிர்த்தன. கவிஞர்களின் கை இங்கே மீண்டும் பேனாவைத் தேடும் என்பதை நான் அறிவேன். தயவுசெய்து வேண்டாம். துளிர்த்தது செடியின் இயல்பு. வெடித்தவனுக்கு அது மன்னிப்புப் பத்திரம் ஆகாது. எளிதிற் சாகாது என்பதைக் கொல்வதற்கு உரிமையாகக் கொள்ளும் தருக்கம் செடியோடு நிற்பதில்லை; நாளை மனிதரிடமும் வரும்.

'மேடையில் ஒருவன் சொன்ன உவமைக்கும் நெவாடாவின் குண்டுக்கும் என்ன தொடர்பு? எலி வளையை மலையாக்குகிறாய்' என்பது எனக்கு எதிராக எழக்கூடிய வலிய கேள்வி. தமிழ்மேடைப் பேச்சைக் கேட்டு எவரும் குண்டு போடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குண்டைப் போடுவதற்கு முன்பு நிலத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. அப்பெயரை வழக்கிற் பழக்குவது பேச்சே. எமது நாட்டின் வரலாறே இதற்குச் சான்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலம், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்கே உரியது என அனுமானித்தது. 1897 இல் தரிசு நிலங்களுக்கெனத் தனியான கட்டளைச் சட்டமே வந்தது. சேனை செய்தவனும் மாடு மேய்த்தவனும் விறகு பொறுக்கியவளும் அந்நிலத்தை அறிவார்கள். கச்சேரிக் கோப்பு அதனை 'வெறுநிலம்' என்றே அறிந்தது. பெருந்தோட்டங்கள் அச்சொல்லின்மீது எழுந்தன. பிரித்தானியர் எமக்குச் செய்ததைக் கண்டிக்கும் நாம், அவர்களின் சொல்லை மாத்திரம் எமது கவிதைக்குள் ஏன் வைத்துக் கொஞ்சுகிறோம்?

இன்று கேள்வி மேலும் சிக்கலாகியுள்ளது. சூரிய மின்சக்திக்காக மொகாவியிற் பெருநிலங்கள் வழிக்கப்படுகின்றன. 2014 இல் இயங்கத் தொடங்கிய ஐவன்பா நிலையம் ஏறத்தாழ 3,500 ஏக்கரிற் பரந்தது. பாலைவன ஆமைகளை அங்கிருந்து பெயர்த்து அகற்ற நேர்ந்தது. புகையில்லா மின்சாரம் உலகுக்குத் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. சூரியத் தட்டுகளை எங்காவது வைத்தே ஆகவேண்டும். ஆனால், 'இன்னது இருக்கிறது. இன்ன காரணத்துக்காக இதனை இழக்கத் துணிகிறோம்' என்று கணக்கிட்டு முடிவெடுப்பது நேர்மை. 'அங்கே என்ன இருக்கிறது, வெறும் பாலைவனந்தானே' என்று கணக்கையே தவிர்ப்பது நேர்மையன்று. பல்லாயிரம் ஆண்டில் வளர்ந்த வளையமொன்றை ஒரு புல்டோசர் அரைமணி நேரத்தில் வழித்துவிடும். மீண்டும் நட்டு அதனை ஈடுசெய்வோம் என்று எந்த ஒப்பந்தக்காரராலும் சொல்லமுடியாது.

கலைப்பீடத்தில் இருப்பவனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்டனர். இலைவாயும் வேரும் விஞ்ஞான பீடத்தின் சொத்து, உவமையும் உருவகமும் எமது சொத்து என்ற பாகப்பிரிவினை நெடுநாளாக நடக்கிறது. அதன் பயனாகவே, பார்த்தவர்கள் பேசாதிருக்கிறார்கள், பேசுபவர்கள் பாராதிருக்கிறார்கள். சங்கப் புலவன் தான் பாடிய ஓமையையும் கள்ளியையும் பார்த்தே பாடினான். அவன் பாலைக்குக்கூட மரமும் பறவையும் உண்டு. அவன் வாரிசுகள் என்று மார்தட்டும் நாமோ, கண்ணாற் காணாத நிலத்தை மேடையில் வைத்து வறுத்தெடுக்கிறோம்.

நான் அன்று பேசியதைத் திருத்திக்கொள்கிறேன். இன்றைய தமிழிலக்கியத்திற் குறை இருந்தால் அக்குறைக்கு அதன் பெயரைச் சொல்லுவேன்: படியாமை, சோம்பல், பாராட்டுக்கு எழுதுதல். எவர் நிலத்தையும் அதற்கு உவமையாக இழுக்கமாட்டேன். அடுத்த முறை எவரேனும் மேடையேறி, 'புல்பூண்டும் முளையாத பாலைவனம்' என்று முழங்கினால், கைதட்டுமுன் என் நண்பன் கேட்ட வினாவை எழுந்து நின்று கேளுங்கள். அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். விடை வரும்வரை அமரவேண்டாம்.